முன்வரிசைச் சிவப்பு நாற்காலிகள்

எங்கள் நூலகத்தில் பேய்களுக்கு நான்தான் பொறுப்பு. என் பணி அட்டையில் அப்படிப் போட்டிருக்காது. அதில் தமிழ்ச் சேவை என்று கௌரவமாக எழுதியிருக்கும். ஆனால் தமிழ்ப் புனைகதைப் பிரிவின் கடைசி இரண்டு தட்டுகளில் இருக்கும் திகில் நாவல்களைத் தேடி வாங்கியது, அடுக்கியது, அவற்றுக்காகச் சண்டை போடுவது எல்லாம் நான்தான். சமையல் புத்தகத்துக்கும் ஜோதிடத்துக்கும் ஆள் தானாக வரும். பேய்க்கு ஆள் பிடிக்க ஒருத்தி வேண்டும். அந்த வேலை எனக்கு நன்றாக வரும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் மேலாளர் என்னை அழைத்தார். என்னைவிட இளையவர், தங்கமான பெண், ஆனால் எதையும் திரையில் பார்த்தால்தான் நம்புவார். கணினியை என் பக்கம் திருப்பி அந்த இரண்டு தட்டுகளின் இரவல் கணக்கைக் காட்டினார். கட்டங்கள் வெறிச்சோடிக் கிடந்தன.

"பாருங்க, யாருமே எடுத்துட்டுப் போகல. சும்மா ஸ்பேஸ அடைச்சிக்கிட்டு இருக்கு."

"எடுத்துட்டுப் போகலன்னு சிஸ்டம்தான சொல்லுது?"

"சிஸ்டம் சொன்னா போதாதா? இயர் எண்ட் வரைக்கும் டைம் தரேன். அதுக்குள்ள ஒரு தடவகூட லோன் போகாத புக்க எல்லாம் எடுத்துடலாம். ஓகேவா?"

"ஓகே லா. ஒண்ணுகூட மிச்சம் இருக்காது, பாருங்க," என்றேன். என் வாய் எப்போதும் எனக்கு ஓரடி முன்னால்தான் நடக்கும்.

வெளியே வந்ததும் நேராக அந்தத் தட்டுகளுக்குப் போனேன். மற்ற புத்தகங்களுக்காக இல்லை. அவை போனால் வருத்தப்படுவேன், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தட்டில் ஒரு நாவல் இருந்தது. மூடிப்போன ஒரு ரயில் நிலையத்தைப் பற்றிய கதை. ரயில் வராத அந்த ஊரில், நிலைய அதிகாரி இறந்துபோன பிறகும், அவர் குடியிருந்த வீட்டில் தினமும் பொழுது சாய்ந்ததும் ஒரு விளக்கு எரியும். ஏற்றுவது யார் என்று ஊருக்கே தெரியாது. கடைசி அத்தியாயத்தில்தான் தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவின் நூலக அட்டையில் அந்தக் கதையை எடுத்துவந்து ஒரே மூச்சில் முடித்தேன். அதற்குப் பிறகு அப்பா எடுத்தார். அவர் பஸ் ஓட்டுநர். பஸ் நிலையத்தில் அடுத்த முறை வண்டி எடுக்கும்வரை உட்கார்ந்திருக்கும் இடைவெளியில் படிப்பார். உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக, அவ்வளவு மெதுவாகப் படிப்பார். நான் எட்டி எட்டிப் பார்த்து, "விளக்கு ஏத்துறது யாருன்னு சொல்லட்டுமாப்பா?" என்று சீண்டுவேன். "சொன்னே, பிச்சுருவேன். நானே கண்டுபிடிச்சிக்கிறேன்," என்பார்.

பாதி தாண்டியிருப்பார். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் பீடை வீட்டுக்குள் வந்ததிலிருந்துதான் அவருக்கு முடியவில்லை என்று அழுதுகொண்டே புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போய் நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பா வீடு திரும்பவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேய்க் கதை எதுவும் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டியதும் இல்லை.

நூலக வேலைக்கு வந்த பிறகு அந்த நாவலின் மறுபதிப்பை நான்தான் வாங்கி வைத்தேன். அது தட்டில் இருக்கிறவரைக்கும், அப்பா பாதியில் விட்டதை யாராவது ஒருவர் முடிப்பார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அதை எடுத்து அட்டைப்பெட்டிக்குள் போடுவதை நான் பார்க்கத் தயாராக இல்லை.

எனவே களத்தில் இறங்கினேன். முதலில் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கறுப்புத் துணி விரித்து, பஞ்சை இழுத்து ஒட்டடை செய்து, நாவல்களைப் பரப்பி வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு பெரியவர் வந்து சிறிது நேரம் மரியாதையாக நின்றுவிட்டு, "யாராச்சும் தவறிட்டாங்களா மா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். மறுநாளே துணியை உருவிவிட்டேன்.

அடுத்து துண்டுப் பிரசுரம் அடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைப் பக்கம் போனேன். வாழைக்காய்க் கடைக்காரர் சந்தோஷமாக வாங்கி அதன் பின்புறத்தில் கணக்குப் போட்டார். சிராங்கூன் சாலைப் பூக்கடை அக்கா, முன்னால் ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, மல்லிகையை ஒரு பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "சாமிக்குப் போற பூ மா இது. நீ பேய ஒட்டிட்டுப் போனா எனக்கு யாவாரம் ஆவுமா?" அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உண்மையான துப்பு, தூசி தட்டும்போதுதான் கிடைத்தது. யாருமே தொடாத புத்தகங்கள் என்று திரை சொல்கிறது. கையில் எடுத்தால் முதுகு விரிசல் விட்டிருக்கிறது, ஓரங்கள் மழுங்கியிருக்கின்றன, ஒன்றின் நடுவில் யாரோ இட்லிக் கடை ரசீதை அடையாளமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒரே குஷி. மேலாளரின் கணினி இரவல் போனதை மட்டும்தான் எண்ணும். இங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டுத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களை அது எப்படிப் பார்க்கும்?

அன்றிலிருந்து நான் உளவு பார்க்க ஆரம்பித்தேன். அகப்பட்டவர்களில் முதலாமவர் தோ பாயோ ஆன்ட்டி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மடிப்புக் கலையாத புடவை, நெற்றியில் திருநீறு. அவர் குடியிருக்கும் தோ பாயோ வட்டாரத்திலேயே நூலகம் இருக்கிறது. இருந்தும் பஸ் பிடித்து எங்களிடம் வருவார். ஜன்னலோர நாற்காலியில் ஒரு பக்தி மாத இதழை விரித்துப் பிடித்து, அதற்கு உள்ளே பேய் நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய் நின்றதும் துள்ளிவிட்டார்.

"ஏன் ஆன்ட்டி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஹாய்யா படிக்கலாமே?"

"வீட்டுக்கா? ஹால்லதான் மா சாமி படம் வச்சிருக்கேன். தினம் விளக்கு வைக்கிற எடம். அங்க இத எப்படிக் கொண்டு போறது? கூடவே ஏதாச்சும் வந்துருச்சுன்னா?"

"அப்ப இங்க படிச்சா வராதா?"

"இது கவர்மெண்ட் பில்டிங்தான? இங்கேயே இருந்துட்டுப் போவட்டும்," என்றார், கொஞ்சமும் சிரிக்காமல்.

மற்றவர்களையும் விசாரித்தேன். மருமகள் பிள்ளைத்தாய்ச்சி என்றார் ஒருவர். ஆடி மாதம் போகட்டும் என்றார் இன்னொருவர், ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எவ்வளவு விரும்பிப் படிக்கிறார்கள்! ஆனால் வாசல் தாண்டி எடுத்துப்போக ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஆட்களுக்குப் படிக்கும் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும். இவர்களிடம் ஆசைக்குக் குறைவே இல்லை. பேய்க்கு ஒரு வழி சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் பேய்க் கதை சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். கதை சொல்வதும் நானே. கூட்டம் வரும் என்று எனக்குத் தெரியும், நூலகத்தின் சாம்பல் நிற நாற்காலிகள் போதாது. அடுக்குமாடி புளோக்குகளின் கீழ்த்தளங்களில் நடக்கும் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சாமான் வாடகைக்கு விடுபவரிடம் சொல்லி ஒரு வரிசைக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரவழைத்தேன். பார்க்க மங்களகரமாக இருந்ததால் அவற்றை முன்வரிசையில் போட்டேன்.

மூன்று மணிக்கெல்லாம் அறை நிறைந்துவிட்டது. சாம்பல் நாற்காலிகளில் ஒன்றுகூடக் காலி இல்லை. அதற்கும் பின்னால் சுவரோரமாக ஆட்கள் நிற்கிறார்கள், முட்டிவலிக்காரர்கள் உட்பட. முன்வரிசையில் மட்டும் ஒருவரும் இல்லை.

"முன்னால வாங்க, எடம் இருக்கு! ஏன் நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு முறை, மூன்று முறை கூப்பிட்டேன். கடைசியில் தோ பாயோ ஆன்ட்டிதான் எழுந்து என் காதருகே வந்தார்.

"ஏம் மா, ஏழாம் மாசம் நடக்குது. வர்ற வழியில திடல்ல கெத்தாய் கொட்டாய் போட்டிருக்கான், பாக்கலியா நீ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனர்களின் ஏழாம் மாதத்தில் ஆவிகள் ஊருக்குள் வரும் என்பது ஐதீகம். அவற்றுக்காகத் திடலில் கெத்தாய் என்ற பாட்டுக் கச்சேரி நடக்கும். அதில் முன்வரிசைச் சிவப்பு நாற்காலிகள் ஆவிகளுக்கு. மனிதர்கள் யாரும் அதில் உட்கார மாட்டார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எந்தத் தமிழரும் உட்கார மாட்டார். அதே நிறம், அதே நாற்காலி, அதே முன்வரிசை, அதுவும் பேய்க் கதைக்கு! பேய்க்குப் பொறுப்பான எனக்கு இது தோன்றவில்லையே என்று என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஆனால் தடுமாறி நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. "சரி, அவங்க எடம் அவங்களுக்கே இருக்கட்டும்," என்று சத்தமாகச் சொன்னேன். அறை கொல்லென்று சிரித்தது. தட்டிலிருந்து கொண்டுவந்திருந்த நாவல்களை நாற்காலிக்கு ஒன்றாக வைத்தேன். "சும்மா உக்காந்திருந்தா அவங்களுக்கும் போரடிக்கும்ல?"

பிறகு கதையைத் தொடங்கினேன். பழைய புளோக் ஒன்றின் மின்தூக்கி, நிற்கவே வழியில்லாத ஒரு மாடியில் தினமும் நின்று கதவைத் திறக்கிறது. யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள்? நான் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, எல்லோருடைய கண்ணும் என்னை விட்டுவிட்டு அந்தக் காலி வரிசைக்குப் போனது. இப்படி ஒரு சபை எனக்கு அதற்கு முன் அமைந்ததில்லை.

நிகழ்ச்சி முடிந்து புத்தகங்களை எடுத்துவைக்கப் போனேன். எனக்கு முன்பே தோ பாயோ ஆன்ட்டி முன்வரிசைக்கு வந்து, ஒரு நாவலை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி! வீட்டுக்கா?"

"பின்ன? அவங்கதான் பாத்துட்டாங்களே. நம்ம வீட்டுல படையல் போட்டா என்னா செய்யிறோம்? எலைய வச்சிட்டு, கதவச் சாத்திட்டு வெளிய நிக்கிறோம். அவங்க சாப்புட்டுப் போனதும் உள்ள போயி நாம சாப்புடுறதில்ல? அதுல என்னா பயம்? அவங்க பங்கு முடிஞ்சது. இனிமே இது நம்ம பங்கு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. மருமகள் பிள்ளைத்தாய்ச்சி என்று சொன்னவரே இரண்டு எடுத்தார். இரவல் இயந்திரத்துக்கு முன்னால் வரிசை நின்றது. பேய் நாவலுக்கு வரிசை! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு மாதா மாதம் நிகழ்ச்சி நடத்தினேன். சிவப்பு நாற்காலிகள் கட்டாயம். ஏழாம் மாதம் முடிந்த பிறகும் முன்வரிசையில் யாரும் உட்காரவில்லை, நானும் கூப்பிடவில்லை. நாற்காலியில் புத்தகம், கதை, பிறகு ஆளுக்கொன்று. மேலாளர் ஒருமுறை கதவோரம் நின்று முழுவதும் பார்த்தார். "எனக்கு இது என்னான்னே புரியல. ஆனா நம்பர் சூப்பரா இருக்கு," என்றார். "புரியாட்டி பரவால்ல, நாற்காலி வாடகைக்கு மட்டும் சைன் போடுங்க," என்றேன். போட்டார்.

டிசம்பர் வந்தது. அந்தத் தட்டுப் புத்தகங்களில் பாதி எப்போதும் வெளியே இருந்தன. சொன்னதைச் செய்துகாட்டிய திமிரோடு மேலாளரின் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் கீழே உருட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"எல்லாம் போயிருக்கு. இந்த ஒண்ணத் தவிர."

ரயில் நிலையத்து நாவல். அட்டையில் பேயும் இல்லை, மண்டையோடும் இல்லை, ஒரு சின்ன விளக்கு மட்டும்தான். அதனால் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அத்தனை புத்தகங்களைக் கரையேற்றிவிட்டு இதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

"இத விட்டுடக் கூடாதா?" என்றேன்.

"ரூல்னா எல்லாத்துக்கும் ரூல்தான? நீங்கதான ஒண்ணுகூட மிச்சம் இருக்காதுன்னீங்க?"

வெளியே ஜன்னலோரத்தில் தோ பாயோ ஆன்ட்டி இருந்தார். இப்போது மாத இதழின் மறைப்பு இல்லாமல் வெளிப்படையாகவே படிக்கிறவர். அந்த நாவலை அவரிடம் நீட்டி எடுத்துப்போகச் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் குடுக்கிறியே, நீ எத்தன எடுத்துட்டுப் போயிருக்க?"

ஒன்றுகூட இல்லை. அம்மா என்னோடுதான் செங்காங் வீட்டில் இருக்கிறார். வாசல் தாண்டக் கூடாது என்ற சட்டம் இன்னும் அமலில் இருந்தது. பத்து ஊர்ப் பேய்களை அடக்கத் தெரிந்த எனக்கு அம்மாவிடம் அந்தப் பேச்சை எடுக்கத் தெரியவில்லை.

"இத நீயே எடு மா," என்று ஆன்ட்டி புத்தகத்தை என் கையில் திணித்தார். அன்று மாலை என் அட்டையில் அந்த நாவல் இரவல் போனது. புத்தகம் பிழைத்துவிட்டது. இனி நான்தான் பிழைக்க வேண்டும்.

வீட்டு வாசலில் நின்று யோசித்துவிட்டு, காரிடாரில் இருக்கும் செருப்பு அலமாரியின் மேல் அதை வைத்துவிட்டு உள்ளே போனேன். சோறு போட்டபோது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, அப்பா படிச்சிட்டிருந்தாரே, அந்தப் புத்தகம். வெளிய வச்சிருக்கேன். உள்ள கொண்டு வரல." அம்மா குழம்புக் கரண்டியை ஒரு கணம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஊற்றினார்.

மறுநாள் வேலை முடிந்து மின்தூக்கியிலிருந்து வெளியே வந்தபோது, அம்மா காரிடாரில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் புத்தகம் விரிந்திருந்தது. பக்கத்தில் கோப்பி ஆறிப் போயிருந்தது.

"என்னா பாக்குற? வெளியதான உக்காந்திருக்கேன்," என்றார்.

அந்த வாரம் முழுக்க அம்மாவுக்குக் காரிடார்தான் வீடு. பக்கத்து வீட்டு மாக்சிக், அந்த மலாய்க்காரப் பெரியம்மா, அம்மா சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாரா என்றுகூட என்னிடம் விசாரித்தார். புத்தகத்தை முடித்த அன்று அம்மா நான் வரும்வரை அங்கேயே காத்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு உங்கப்பா என்கிட்ட இந்தக் கதைய சொன்னாருடி. அந்த வெளக்க ஏத்துறது பேய்தான்னு அடிச்சு சொன்னாரு. நான் புஸ்தகத்தக் குடுத்துட்டேன்னு சொல்லவே இல்ல. வீட்டுக்கு வந்து மிச்சத்தப் படிக்கிறேன்னாரு." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "பேயே இல்லியேடி. உசுரோட இருக்கிற பொண்டாட்டி. போனவருக்கு வழி தெரியாம போயிடக் கூடாதுன்னு தினம் ஏத்துறா. தப்பா நெனச்சிக்கிட்டே போயிட்டாரே மனுசன்."

பன்னிரண்டு வயதில் அந்த முடிவு எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. பேய் இல்லாத பேய்க் கதை என்று சலித்துக்கொண்டேன். இப்போது காரிடாரில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். மாக்சிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டார்.

ஜனவரியில் அப்பாவின் திதி வந்தது. வழக்கம்போல் அம்மா அப்பாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தார். வடை, பாயசம், அவருக்குப் பிடித்த மீ கோரிங் நூடுல்ஸ், சர்க்கரை தூக்கலாகக் கோப்பி. எல்லாம் வைத்தானதும் என்னைப் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகம் இன்னும் உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கும்மா. இன்னொரு தடவ நீட்டிச்சிருக்கேன்."

"கொண்டா."

வெளியே போய்ச் செருப்பு அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். வாசற்படியில் என் கால் தானாக நின்றது. "உள்ள வாடி," என்றார் அம்மா. புத்தகத்தை வாங்கி, அப்பா விட்டிருப்பார் என்று அவர் நினைத்த இடத்தில் விரித்து, கோப்பிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு விளக்கை ஏற்றினார். இருவரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

காரிடாரில் வெயில் காய்ந்தது. நான் பசியில் இருந்தேன். வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் கடந்ததும் கதவைத் திறக்கக் கையைக் கொண்டுபோனேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இருடி. உங்கப்பா மெதுவாத்தான் படிப்பாரு."